நீர்மூழ்கல் குறிப்புகளும் கணினியில் நேரும் பிழைகளும்

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி வளாகம் உள்ளது. அப்பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் துறை அங்குதான் இயங்குகிறது. அருகே ஓடும் ஹூக்ளி ஆற்றின் நீர் வண்டல் மிகுந்து கலங்கியது. பவளப்பாறை அதில் வளராது. பவளப்பாறையை மூழ்கிக் காண்போர் அந்தமானுக்கோ, லட்சத்தீவுக்கோ, மன்னார் வளைகுடாவுக்கோ செல்லவேண்டும். ஆகவே அளவெடுக்கும் இடம் வேறு. ஆராயும் மேசை வேறு. இடையில் குறிப்புச் சிதையாமல் வந்து சேர்தல் இன்றியமையாதது.

ஸ்கூபா மூழ்குவோர் மணிக்கட்டில் அணியும் கருவி, சில வினாடிகளுக்கு ஒருமுறை நீரின் அழுத்தத்தை அளந்து, அதனை ஆழமாக மாற்றிப் பதிவு செய்கிறது, வெப்பநிலையையும் குறிக்கிறது. இப்பதிவைச் சப்சர்ஃபேஸ் போன்ற மென்பொருளில் ஏற்றலாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011இல் தொடங்கியது இது. ஏற்றும்போது நேரும் பிழைகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

முதலாவது, தேதி. 05/08 என்பது நமக்கு ஆகஸ்டு 5. அமெரிக்க முறையில் மே 8. தேதி 12க்கு மேற்பட்டால் மென்பொருள் ஏற்க மறுக்கும். பிழை உடனே புலப்படும். 12க்கு உட்பட்டாலோ ஓசையின்றி மாற்றி ஏற்றுக்கொள்ளும். இதுவே அதிக ஆபத்தானது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளிறின. வெளிறல் கோடை வெப்பத்தோடு தொடர்புடையது. ஆகஸ்டுக் குறிப்பு மே மாதத்தில் பதிவானால் முடிவே பிறழும்.

இரண்டாவது, அலகு. 60 அடி என்பது 18.3 மீட்டர், 84 பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 29 செல்சியஸ். யு.டி.டி.எஃப். என்னும் பொது அமைப்பிலோ வெப்பநிலை கெல்வினில் இருக்கும். அங்கே 302 எனக் கண்டு கருவி பழுதென்று கருதலாகாது. மேலும், கருவி நன்னீருக்கென அமைக்கப்பட்டிருப்பின், கடலில் ஆழம் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு மிகுந்து காட்டும்.

மூன்றாவது, பிரிப்புக் குறி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவர். நிரல்களையும் காற்புள்ளியே பிரிக்குமாயின் 18,3 என்பது 18, 3 என இரு நிரல்களாகப் பிளவுபடும். அதன்பின் வரும் நிரல்கள் யாவும் ஓரிடம் தள்ளிப்போகும்.

நான்காவது, நேரம். நம் நேரம் உலகப் பொதுநேரத்தினும் ஐந்தரை மணி முந்தியது. எல்லாக் குறிப்புகளும் ஒரே அளவில் நகர்ந்தால் இரு மூழ்கல்களின் இடைவேளை மாறாது. ஒன்று மட்டும் நகர்ந்தால் மாறிவிடும். அவ்விடைவேளையில்தான் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுகிறது. பிழையான இடைவேளையை நம்பி அடுத்த மூழ்கலைத் திட்டமிடுபவர் உயிருக்கே தீங்கு தேடிக்கொள்வார்.

இவற்றைத் தவிர்க்க எளிய வழி உண்டு. மூழ்கி எழுந்தவுடன் தேதி, நேரம், மிகுதியான ஆழம், வெப்பநிலை ஆகிய நான்கையும் காகிதத்தில் எழுதிவைக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு மூழ்கலை மட்டும் ஏற்றி, காகிதத்தோடு ஒப்பிட்டபின் எஞ்சியவற்றை ஏற்றலாம். மூலக் கோப்பினைத் திருத்தாமல் தனியே காத்தல் வேண்டும். ஆசிரியர்கள் இதே பயிற்சியைப் பள்ளியின் மழைமானிக் குறிப்புகளைக் கொண்டு மாணவர்க்கு அளிக்கலாம்; பிழைகளின் இயல்பு இரண்டிலும் ஒன்றே.