விடை வழி தவறாமை

காவாந்தண்டலத்தார் ஒருவர் செங்கற்பட்டு நிலையத்திற் சென்று, செகந்திராபாத்தினின்று புறப்படும் வண்டியொன்றில் இடம் கேட்கின்றார் என வைத்துக்கொள்வோம். எழுத்தர் முன்னுள்ள திரையும் விசைப்பலகையும் முனையம் எனப்படும். இடங்களின் கணக்கு அம்முனையத்தில் இல்லை. தில்லி, மும்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்னும் ஐந்து நடுவங்களின் பொறிகளும் 1999-ஆம் ஆண்டில் ஒருங்கு பிணைக்கப்பெற்றன. அது முதல் ஒரு நடுவத்து முனையத்திற் பிறந்த கேள்வி வேறு நடுவத்துக் கணக்கேட்டைத் தொட்டு மீளலாயிற்று. அதற்கு முன்னரோ, தந்தியடித்துவிட்டு விடை வருங்காறும் காத்திருந்தனர்.

இருப்பது ஓரிடம், செங்கற்பட்டிலிருந்தும் வாரங்கலிலிருந்தும் ஒரே நொடியில் இருவர் கேட்கின்றனர். விடைகள் மாறிப் போமாயின், இடம் பெற்றவர் வறுங்கையோடு திரும்புவர். பெறாதவர் சீட்டோடு செல்வர். பாபேலின் குழப்பம் இதனினும் பெரிதன்று! இதனைத் தடுப்பது யாது?

ஒவ்வொரு கேள்வியும் தனக்கு வேண்டிய பணியின் குறியையும், தான் புறப்பட்ட முனையத்தின் பெயரையும் உடன்கொண்டே செல்லும். பணிக்குறி நோக்கி அது உரிய வரிசையில் நிறுத்தப்படும். செயல்நிரல் முறைப்படி ஒவ்வொன்றாய் எடுத்துத் தீர்க்கும். விடையோ, உடன்வந்த பெயர்க்கே மீளும்.

இம்முறையை நன்கு விளக்குவது ஐ.பி.எம். நிறுவனத்தாரின் ஐ.எம்.எஸ். என்னும் அமைப்பு. இரயில்வேயார் கொண்ட அமைப்பு வேறு, நெறி ஒன்றே. அப்பல்லோ விண்கலப் பணிக்கெனத் தோன்றிய ஐ.எம்.எஸ்., கலிபோர்னியாவின் டவுனி நகரில், 1968 ஆகஸ்டு 14-இல், தட்டச்சு முனையமொன்றில் தான் ஆயத்தம் என்று முதன்முதல் எழுதிக் காட்டிற்று. இதன்கண் நாம் வியப்பது, பொறி வேறு, பெயர் வேறு எனப் பிரித்தமையே. 'தலைமையாசிரியர், காவாந்தண்டலம்' என முகவரியிட்ட கடிதம், ஆசிரியர் மாறினும் அப்பதவியில் இருப்பவர் கைக்கே சேருமன்றோ? அங்ஙனமே விடைகள் பெயரின்கீழ்த்தான் காத்திருக்கும். ஒரு முனையம் பழுதுற்றால், மேற்பார்ப்போர் ஒரு கட்டளையால் அப்பெயரை அடுத்த முனையத்திற்கு உரித்தாக்குவர். தேங்கிய விடைகள் ஆண்டு வந்து சேரும். செயல்நிரலில் ஓரெழுத்தும் மாற்ற வேண்டுவதில்லை.

இனி, கணக்கில் இடம் கழிந்தபின் கம்பி அறுந்தால் என்னாம்? கேள்வியை ஏற்றல், கணக்கைத் திருத்தல், விடையை வரிசையில் இடல் என்னும் மூன்றும் ஒருங்கே முடியும். அன்றேல் மூன்றும் இல்லாதனவாகும். முடிந்த விடையும், முனையம் பெற்றுக்கொண்டதாக அறிவிக்கும்வரை, வரிசையினின்று நீக்கப்படாது.