கன்டெய்னர் மைதானமும் 60 ஆண்டுக் கணக்கும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல் ஒரு புதிய விதி அமலுக்கு வருகிறது. வேறெங்கோ உமிழ்வைக் குறைக்கும் திட்டங்களுக்குப் பணம் கொடுத்துக் கார்பன் வரவுகளை வாங்கிவிட்டோம் என்பதைக் காட்டி, ‘எங்கள் பொருளால் பருவநிலைக்குப் பாதிப்பில்லை’ என்று இனி அங்கே விளம்பரம் செய்ய முடியாது. இதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 2022 கத்தார் கால்பந்து உலகக் கோப்பை கார்பன் சமநிலைப் போட்டி என்றார்களே, அது உண்மையா? அந்தக் கன்டெய்னர் மைதானத்தைக் கழற்றி எங்கே கொண்டுபோனார்கள்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: எங்கும் கொண்டுபோகவில்லை. தோஹாவின் ராஸ் அபு அபூத் கடற்கரையில் எழுந்த ‘ஸ்டேடியம் 974’, உலகக் கோப்பை முடிந்த பிறகும் அங்கேதான் நின்றது. 2024 டிசம்பரில் இன்டர்கான்டினென்டல் கோப்பை ஆட்டங்களும் 2025 டிசம்பரில் அரபுக் கோப்பை ஆட்டங்களும் அதில் நடந்தன. 974 என்பது கத்தாரின் தொலைபேசிக் குறியீடு. கட்டுமானத்தில் சேர்த்த கப்பல் கன்டெய்னர்களின் எண்ணிக்கையும் அதுதான். எஃகுச் சட்டத்துக்குள் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பெட்டிகளைச் செருகியிருக்கிறார்கள். கழிப்பறையும் தின்பண்டக் கடையும்கூடப் பெட்டிக்குள்தான். சுமார் 44,000 பேர் அமரலாம். குளிரூட்டும் வசதி கிடையாது. கடற்காற்றை நம்பியதால் உலகக் கோப்பையில் இங்கே நடந்த ஏழு ஆட்டங்களும் இரவு ஏழு மணிக்கோ பத்து மணிக்கோதான் தொடங்கின.

இனி கணக்குக்கு வருவோம். என்னை உறுத்துவது இதுதான். போட்டியின் மொத்த உமிழ்வு சுமார் 36.3 லட்சம் டன் என்று அமைப்பாளர்கள் 2021-இல் மதிப்பிட்டார்கள். அதில் நிரந்தர மைதானங்களின் கட்டுமான உமிழ்வை முழுதாக எழுதவில்லை. மைதானத்தின் ஆயுளை 60 ஆண்டு என்று வைத்தார்கள். அதில் உலகக் கோப்பை பிடித்துக்கொண்ட நாட்கள் எத்தனையோ, அந்தப் பங்கை மட்டும் போட்டியின் பெயரில் எழுதினார்கள். மிச்சமெல்லாம் வருங்காலத்தின் தலையில். மகள் கல்யாணத்துக்கென்றே ஒரு மண்டபத்தைக் கட்டிவிட்டு, கல்யாணச் செலவில் மூன்று நாள் வாடகையை மட்டும் எழுதுவதைப் போன்றது இது.

கத்தாரின் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். எட்டு மைதானங்களில் ஏழு புதிதாக எழும்பியவை. உலகக் கோப்பை கிடைத்திராவிட்டால் இவற்றை யார் கட்டியிருப்பார்கள்? இந்த ஒரு கேள்வியில் 60 ஆண்டு வகுத்தல் ஆட்டம் காண்கிறது. நிரந்தர மைதானங்களின் உமிழ்வு எட்டு மடங்குவரை குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்று ‘கார்பன் மார்க்கெட் வாட்ச்’ அமைப்பு 2022 மே மாதத்தில் சொன்னது.

இந்தக் கணக்கில் அதிகம் அடிபடுவது 974-தான். அது தற்காலிக மைதானம். வகுத்துத் தள்ளிவிட அதற்கு 60 ஆண்டு எதிர்காலம் இல்லை. சுமை முழுவதும் போட்டியின் பெயரிலேயே விழுகிறது. பலமுறை கழற்றிப் பூட்டும்படி கட்டுவதற்கும் கூடுதல் உமிழ்வு ஆகிறது. ஒரே ஒரு முறை பயன்படுத்தினால் நிரந்தர மைதானத்தைவிட இது மோசம். வேறு ஊர்களில் திரும்பத் திரும்பக் கட்டினால்தான் லாபம் என்று அமைப்பாளர்களின் அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. எத்தனை முறை, எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்த லாபம் அது. இதுவரை கழற்றாத மைதானத்துக்கு அந்தப் பெருமையைத் தர எனக்கு மனம் வரவில்லை. நின்ற இடத்திலேயே ஆட்டங்கள் நடப்பது நல்லதுதான். ஆனால் கழற்றி வேறு இடத்தில் கட்டுவோம் என்று சொன்ன வாக்குறுதி வேறு.

மற்றக் கேள்விகள்:

‘கார்பன் சமநிலை’ பொய்யா? நிரூபிக்கவில்லை என்று சுவிட்சர்லாந்தின் விளம்பர நேர்மை ஆணையம் 2023 ஜூனில் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவுக்கு எதிராக முடிவு சொன்னது.

தண்டனை? இல்லை, அது விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு, அபராதம் விதிக்க அதிகாரம் கிடையாது.

கார்பன் வரவுகள் எங்கிருந்து வந்தன? தோஹாவிலேயே உள்ள ஒரு பதிவகத்தின் வழியாக. வரவுகளை விற்ற பணம் வராவிட்டாலும் அவற்றின் பின்னுள்ள திட்டங்கள் நடந்திருக்கும் என்பது விமர்சகர்களின் வாதம்.

கத்தார் உலகக் கோப்பைக்கான வேலைகளில் இறந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு? 2024 நவம்பரில் ஃபிஃபா அறிவித்த 5 கோடி டாலர் நிதியில் அவர்களுக்கெனத் தனிப் பங்கு இல்லை.

2026 போட்டிக்குப் புது மைதானம் உண்டா? இல்லை, பதினாறும் ஏற்கெனவே இருப்பவை.

2034? சவூதி அரேபியாவின் திட்டத்தில் உள்ள 15 மைதானங்களில் 11 புதியவை.