தோலில் தொடங்கும் வலிப்பு

கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் தவளை, தேரை, சாலமாண்டர் முதலிய நீர்நில வாழ்விகளுக்குக் கால் விறைப்பதும், தலை ஒருபுறம் சாய்வதும், வலிப்பு வருவதும், மல்லாத்திப் போட்டால் புரண்டெழ முடியாமற்போவதும் மூளையிலோ நரம்பிலோ பழுது நேர்ந்ததன் அறிகுறிகளாகத் தோன்றினாலும், நோயின் வேர் பல வேளைகளில் தீனியிலோ நீரிலோ தோலிலோதான் இருக்கிறது.

வளர்ப்போரால் எளிதில் தவிர்க்கக்கூடியது தீனிக் குறையே. பெரும்பாலும் இரையாகப் போடப்படும் சுவர்க்கோழிப் பூச்சியில் பாஸ்பரஸ் மிகுந்தும் கால்சியம் எனப்படும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைந்தும் இருப்பதால், உடல் தன் எலும்பைக் கரைத்து அக்குறையை ஈடுகட்டுகிறது. அதுவும் போதாமல் இரத்தத்தில் கால்சியம் குறையும்போது, நரம்புகள் சிறு தூண்டலுக்கும் துடித்துத் தசைகளை இறுக்குகின்றன. டெட்டனி என்னும் இந்நிலை, கிருமியால் வரும் டெட்டனஸ் நோயன்று. பொன்மீன் போன்ற சில மீன்களையே நாளும் கொடுத்தாலும் தீங்குண்டு. அவற்றிலுள்ள ஒரு நொதி, நரம்புக்கு இன்றியமையாத வைட்டமின் பி1 சத்தைச் சிதைத்துவிடுகிறது.

தோல்வழி வரும் கேடு இன்னும் கொடியது. வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் இறந்த நீல நச்சு அம்புத் தவளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1999-இல் பெயரிடப்பட்ட ஒருவகைக் கைட்ரிட் பூஞ்சை, தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே செல்வதில்லை; ஆயினும் தவளை நீரையும் உப்புகளையும் தோல் வழியாகவே உறிஞ்சுவதால், அத்தோல் கெட்டதும் உடலின் உப்புச் சமநிலை குலைகிறது. ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, நோயுற்றவற்றின் இரத்தத்தில் சோடியம் ஏறத்தாழ 20 விழுக்காடும் பொட்டாசியம் 50 விழுக்காடும் குறைந்து, இறுதியில் இதயம் நின்றுபோவதைக் காட்டியது. நரம்புக்கும் தசைக்கும் மின்துடிப்பைத் தருபவை இவ்வுப்புகளே ஆதலால், சாகும் தறுவாயிலுள்ள தவளை நரம்பு நோயாளியைப் போலவே தோன்றுகிறது.

இதே மென்தோல் வழியாகக் குழாய்நீரின் குளோரினும், கழிவில் ஊறும் அம்மோனியாவும், வீட்டில் தெளிக்கும் பூச்சிக்கொல்லியும் உடலுக்குள் ஏறுகின்றன. கொசு மருந்துகளில் பரவலாக உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு, நரம்பில் சோடியம் நுழையும் வாயில்களை மூடவிடாமல் செய்து நேரடியாகவே வலிப்பை உண்டாக்க வல்லது.

ஆகவே, தவளை வளர்ப்போர் இரைப்பூச்சியின்மீது கால்சியத் தூளும் வைட்டமின் டி3-உம் தூவிக் கொடுக்கவேண்டும். குளோரின் நீக்கிய நீரையே ஊற்றவேண்டும். தொட்டியுள்ள அறையில் பூச்சிமருந்து அடிப்பதை அறவே விடவேண்டும். வலிப்பு கண்டால் தாமே மருந்து தேடாமல், தோலையும் இரத்தத்தையும் சோதிக்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்லவேண்டும்.