எரியாமல் வரும் மின்சாரம்

தண்ணீரில் கரண்ட் விட்டால் ஒரு குழாயில் ஹைட்ரஜனும் இன்னொன்றில் ஆக்ஸிஜனும் குமிழ் குமிழாய்ச் சேரும். லேப் ரெக்கார்டில் இந்தப் படத்தை வரையாதவர் நம்மில் யார்? சரி, இதையே தலைகீழாய்ச் செய்தால்? இரண்டு வாயுவையும் சேர்த்துத் தண்ணீராக்கி, கரண்டைத் திரும்ப வாங்கினால்? 1839-லேயே வில்லியம் குரோவ் இதைச் செய்து பார்த்துவிட்டார். மனிதர் வக்கீலுக்குப் படித்தவர் என்பது கூடுதல் செய்தி!

இதுதான் எரிபொருள் மின்கலம். ஃபியூயல் செல் என்றால்தான் நமக்குப் புரியும். பார்க்க பேட்டரி மாதிரி இருந்தாலும், என்னைக் கேட்டால் இது ஜெனரேட்டர் இனம். பேட்டரி தன் வயிற்றில் உள்ளதைக் கொடுக்கும். இதற்கோ வெளியிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கணும். இந்த வித்தியாசத்தை மூன்று பேர் உயிரோடு விளையாடிக் காட்டியது அப்பல்லோ 13.

அந்த விண்கலத்தில் மூன்று ஃபியூயல் செல் யூனிட்கள். ஒவ்வொன்றிலும் 31 செல்கள் சீரிஸில். ஒரு செல்லுக்கு இரண்டு நிக்கல் எலக்ட்ரோடு, நடுவே பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு. ஒரு பக்கம் ஹைட்ரஜன், ஹைட்ராக்ஸைடு அயனியோடு சேர்ந்து தண்ணீராகி எலக்ட்ரானை விடுகிறது. எலக்ட்ரான் நடுவிலுள்ள கரைசலுக்குள் புகுந்து போக முடியாது. வெளியே வயரில் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போகணும். அந்த வழியில் விளக்கையும் ரேடியோவையும் வைத்தால் அதுதான் நண்பர்களே சப்ளை! மறுபக்கம் ஆக்ஸிஜனும் தண்ணீரும் அந்த எலக்ட்ரானை வாங்கி மீண்டும் ஹைட்ராக்ஸைடு அயனியாகும். அது கரைசல் வழியே முதல் பக்கம் வந்துவிடும். தீ இல்லை, பிஸ்டன் இல்லை. தியரிப்படி செல்லுக்கு 1.23 வோல்ட், லோடு போட்டால் கிடைப்பது சுமார் 0.9. முப்பத்தொன்றால் பெருக்கிப் பாருங்கள், 28 வோல்ட் வரும். மிஞ்சும் தண்ணீர் வீரர்களுக்குக் குடிக்க.

1970 ஏப்ரல் 13. பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஆக்ஸிஜன் டாங்க் வெடித்தது, மற்றதும் கசிந்தது. ஆக்ஸிஜன் இல்லாமல் ஹைட்ரஜன் மட்டும் இருந்து என்ன செய்ய? சில நிமிடங்களில் இரண்டு யூனிட் அவுட். சுமார் இரண்டு மணி நேரத்தில் மூன்றாவதும் நின்றது. கரண்ட் மட்டுமா, தண்ணீரும் போச்சு. லவல், ஸ்விகர்ட், ஹேஸ் மூவரும் சந்திரனில் இறங்குவதற்காக வைத்திருந்த சின்னக் கலத்துக்குள் ஒண்டினார்கள். அதில் இருந்தது வெறும் பேட்டரி! பெரும்பாலான கருவிகளை அணைத்துவிட்டு, குளிரில் நடுங்கி, நாளைக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் சமாளித்தார்கள். கடைசி இறக்கத்துக்குத் தாய்க்கலத்தின் பேட்டரி வேண்டும். அதையும் இந்தச் சின்னக் கலத்திலிருந்தே சார்ஜ் செய்துகொண்டு, ஏப்ரல் 17 அன்று பசிபிக் கடலில் வந்து இறங்கினார்கள்.