துள்ளித் திரிந்த நாட்களையும் வைத்தியரிடம் சொல்லுவோம்

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்து, 2012 செப்ரெம்பரில் மூடப்பட்ட மெனிக் பாம் முகாமையும் கடந்து வந்தவர்கள் நாம். ஆகவே வீட்டில் ஒருவர் உண்ணாமல், பேசாமல் மூலையில் கிடந்தால், 'இழந்த பிள்ளைகளை நினைக்கிறார்' என்று விட்டுவிடுகிறோம். பலருக்கு அது உண்மை. ஆனால் எல்லாச் சோர்வும் யுத்தம் தந்தது அல்ல.

இருமுனை உளநோய் யுத்தம் காணாத நாடுகளிலும் உண்டு. 2019இல் உலகில் சுமார் 4 கோடிப் பேருக்கு இது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. சில காலம் சோர்வு; பின்பு நேர்மாறான எழுச்சி. இரண்டு மணித்தியாலம் தூங்கினாலும் களைப்பில்லை, பேச்சு ஓயாது. நகையை அடகு வைத்து லாண்ட்மாஸ்டருக்கு முற்பணம் கட்டுவார். விதைநெல்லை அள்ளித் தானம் கொடுப்பார். கடவுள் தன்னோடு நேரே பேசுகிறார் என்பார். வீட்டாரோ முதலில் 'ஆள் தேறிவிட்டார்' என்று மகிழ்வார்கள், பிறகு செய்வினை என்பார்கள், ஊர் 'விசர்' என்னும். செபிப்போம், அதை யார் வேண்டாம் என்றார்? குளிசையும் வேண்டும்.

சோர்ந்து கிடக்கும்போது மட்டுமே வைத்தியரிடம் கூட்டிப் போகிறோம். அவருக்குத் தெரிவது பாதிக் கதைதான். மனச்சோர்வுக்கான குளிசையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அதுவே எழுச்சியைக் கிளப்பிவிடும். ஆகவே கூடப் போகிறவர் அந்தத் தூங்காத நாட்களையும் அடகுச் சீட்டையும் சொல்ல வேண்டும்.

இந்நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் லிதியம் பழையது. அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் 1949இல் அதன் பயனை எழுதினார். அது ஒருவகை உப்பு. இரத்தத்தில் அளவு மிஞ்சினால் நஞ்சு. வயல் வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடியாமல் நின்றாலே அளவு ஏறலாம். தவக்கால ஒறுத்தலிலும் தண்ணீரை விடக்கூடாது, சாப்பாட்டு உப்பைத் திடீரெனக் குறைக்கவும் கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் டைக்குளோபெனாக், இபுபுரோபன் வாங்கிப் போடவேண்டாம். வாந்தி, வயிற்றோட்டம், கடும் கைநடுக்கம், தள்ளாட்டம் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. வல்புரோவேற் என்னும் வேறொரு குளிசை வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. பிள்ளைபெறும் வயதுப் பெண்கள் முன்னதாகவே வைத்தியரைக் கேட்கவேண்டும். சுகம் வந்ததென்று தாமாகக் குளிசையை நிறுத்துகிறவர்களுக்கே நோய் பெரும்பாலும் திரும்புகிறது.

மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலச் சிகிச்சை பற்றி விசாரிக்கலாம். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. அங்கொடைத் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். 'இருந்து என்ன பயன்' என்று ஒருவர் பேசத் தொடங்கினால் அவரைத் தனியே விடவேண்டாம். பூச்சிமருந்தையும் களைநாசினியையும் அன்றைக்கே வீட்டைவிட்டு அகற்றி, அயலவர் வீட்டில் பூட்டி வையுங்கள்.