தலைசுற்றல் நோயாளியின் மனதில் இருப்பதை அளக்க முடியுமா?



இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. சர்க்கரையை அறிய ஒரு துளி இரத்தம் போதும். ஆனால் ஒரு நோயாளி தன் வியாதியைப் பற்றி என்ன நம்புகிறார் என்பதை எதைக்கொண்டு அளப்பது? இது வீண் கேள்வி அல்ல. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதும், பாதியில் நிறுத்திவிடுவதும் பல வேளைகளில் இந்த நம்பிக்கையையே பொறுத்திருக்கிறது. ‘வெஸ்டிபுலார் மைக்ரேன்’ என்னும் நோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இது என்ன நோய்?

ஒற்றைத் தலைவலியை நாம் அறிவோம். அதே வியாதி சிலருக்குத் தலைசுற்றலாக வருகிறது. அறையே சுழல்வது போலவோ, படகில் நிற்பது போலவோ இருக்கும். குமட்டும். வெளிச்சமும் சத்தமும் தாங்காது. சில தடவைகளில் தலைவலியே இல்லாமல் சுற்றல் மட்டும் வருவதும் உண்டு.

இந்நோயைக் கண்டறியும் விதிகளை 2012-ஆம் ஆண்டில் பாரனி சங்கமும் சர்வதேசத் தலைவலிச் சங்கமும் சேர்ந்து வகுத்தன. உட்காதின் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனியின் பெயரைத் தாங்கியது முதல் சங்கம். விதிகளின்படி, 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் சுற்றல் குறைந்தது 5 தடவை வந்திருக்க வேண்டும். ஒற்றைத் தலைவலி இப்போதோ முன்போ இருந்திருக்க வேண்டும். பாதித் தடவைகளிலாவது அதன் அடையாளங்கள் சுற்றலோடு சேர்ந்து வரவேண்டும். வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. ஜெர்மனியில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு, ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு வாழ்நாளில் இது வருவதாகக் கூறியது. பெண்களுக்கே அதிகம்.

இதை உறுதிப்படுத்த இரத்தப் பரிசோதனை கிடையாது. எம்.ஆர்.ஐ. படமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். “எல்லாம் நார்மல்” என்ற சொல்லோடு வீடு திரும்புகிறவருக்கு ஆறுதலைவிடக் குழப்பமே மிஞ்சுகிறது. அந்த வெற்றிடத்தை வேறு விளக்கங்கள் நிரப்பிவிடுகின்றன.

நம் வீடுகளில் சொல்லப்படும் காரணங்கள்

பித்தம், இரத்தம் கம்மி, லோ பிரஷர், கழுத்து எலும்புத் தேய்மானம், நரம்புத் தளர்ச்சி, கண் திருஷ்டி, செய்வினை, மூளையில் கட்டி. இவற்றுள் ஒவ்வொன்றும் நோயாளியை ஒவ்வொரு பாதையில் அனுப்புகிறது.

பித்தம் என்று நம்பும் சகோதரி வயிற்றைக் காயப்போடுகிறார். பட்டினியோ ஒற்றைத் தலைவலியைத் தூண்டக்கூடியது. கழுத்து என்று நம்புகிறவர் மாதக்கணக்கில் பட்டை கட்டி, தலையைத் திருப்பாமல் இருக்கிறார். அசைவு குறையக் குறைய, மூளை சமநிலையை மறுபடி பழகிக்கொள்வதும் தாமதமாகிறது. கட்டி என்று அஞ்சுகிறவர் கடன் வாங்கிப் படம்மேல் படம் எடுக்கிறார். “சாதாரணச் சுற்றல்தான்” என்பவர் கடையில் அதே மாத்திரையை வருடக்கணக்கில் வாங்குகிறார். சுற்றலை அடக்கும் சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவற்றை நெடுநாள் சாப்பிட்டால், முக்கியமாக வயதானவர்களுக்கு, கைநடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம். சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து சாப்பிட்டால், அதுவே தலைவலியை உண்டாக்கும்.

அளவுகோல் பிறந்த கதை

1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் வாழும் இடங்களுக்கே அனுப்பியது. கட்டணம் இல்லை. ஆனாலும் எதிர்பார்த்த அளவு மக்கள் வரவில்லை. ஏன் என்று காட்ஃப்ரி ஹோக்பாம் என்ற உளவியலாளர் விசாரித்தார். “எனக்கும் இந்நோய் வரலாம், முன்கூட்டியே கண்டுபிடித்தால் நன்மை உண்டு” என்ற இரண்டு நம்பிக்கையும் உடையவர்களில் 82 சதவீதம் பேர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தனர். இரண்டும் இல்லாதவர்களில் 21 சதவீதம் பேரே எடுத்திருந்தனர். நம்பிக்கையை அளக்கலாம், அளப்பதால் பயனும் உண்டு என்பது இவ்விதமாகத் தெரியவந்தது.

பின்பு பல வினாத்தாள்கள் வந்தன. 2006-இல் வெளியான ஒரு சிறு வினாத்தாளில் 9 கேள்விகளே உள்ளன. நோய் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும், தம்மால் எவ்வளவு கட்டுப்படுத்த முடியும், சிகிச்சை எவ்வளவு உதவும், எவ்வளவு புரிந்திருக்கிறது, எவ்வளவு கவலை தருகிறது என்பன போன்ற 8 கேள்விகளுக்கு 0 முதல் 10 வரை எண் தரவேண்டும். கடைசிக் கேள்வியில், நோய்க்கு முக்கியமென்று தாம் கருதும் 3 காரணங்களை நோயாளி தம் சொல்லிலேயே சொல்லவேண்டும்.

தலைசுற்றலால் வரும் சிரமத்தை அளக்க 1990-இல் வந்த வினாத்தாள் வேறு. அதில் 25 கேள்விகள், 100 மதிப்பெண். இரண்டு சகோதரிகள் அதில் ஒரே எண் பெறலாம். ஆனால் ஒருவர் “இது அடங்கும்” என்றும், மற்றவர் “என் மூளை கெட்டுவிட்டது” என்றும் நம்பினால், அவர்கள் நடந்துகொள்ளும் விதம் ஒன்றாக இருக்காது.

ஆண்டவருடைய சித்தம்

1978-இல் வந்த மற்றொரு அளவுகோல், என் சுகம் என் கையிலா, மருத்துவர் போன்ற பிறர் கையிலா, தற்செயலா என்று கேட்டது. இதில் கடவுளுக்கு இடம் இல்லை. 1999-இல் கென்னத் வால்ஸ்டனும் குழுவினரும் அதையும் கேட்கும் தனிப் பகுதியை வெளியிட்டனர். ஆனால் எண்ணோடு நின்றுவிட முடியாது. “ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி ஒருவர் மருந்தை விட்டுவிடுகிறார். அதே சொல்லைச் சொல்லி மற்றொருவர் திடமனதோடு மருந்தைச் சாப்பிடுகிறார். எந்தப் பொருளில் சொன்னார் என்பதைக் கேட்டுத்தான் அறியவேண்டும்.

தமிழில் கேட்கும்போது

அயல்மொழிக் கேள்வியை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது. “மயக்கம்” என்று ஒருவர் சொன்னால் சுற்றலா, நினைவு தப்புவதா, தள்ளாட்டமா, வெறும் சோர்வா? முதலில் இதைப் பிரித்தறிய வேண்டும். எண் சொல்லத் தயங்குகிறவருக்குப் படிக்கட்டுப் படத்தைக் காட்டி, “நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள்?” என்று கேட்கலாம்.

கதைபோலச் சொல்லவிட்டுக் கேட்கும் முறையும் உண்டு. 1998-இல் வெளியான அத்தகைய நேர்காணல் முறையை உருவாக்கியவர்களில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப் ஒருவர். தென்னிந்திய மனநோயாளிகளிடம் இம்முறையில் விசாரித்தபோது, சிலர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களை நம்புவது தெரிந்தது. மாத்திரையும் சாப்பிடுவார், கயிறும் கட்டியிருப்பார். ஆகவே இது சரி, தவறு போடும் பரீட்சை அல்ல. நோயாளி நம்மிடம் மறைக்காமல் பேச வேண்டுமானால், நாம் நகைக்காமல் கேட்க வேண்டும்.

அளந்த பின்பு

“புரியவில்லை” என்பவருக்கு நோயை விளக்க வேண்டும். “மருந்து உதவாது” என்பவரிடம், தடுப்பு மருந்தின் பலன் தெரிய சில வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகும் என்று முன்னதாகவே சொல்ல வேண்டும். தூக்கம், உணவு நேரம், மாதவிலக்கு, சுற்றல் வந்த நாள் ஆகியவற்றைக் குறித்துவரச் சொன்னால், எது தூண்டுகிறது என்பதை அவரே காண்பார். சில வாரங்கள் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்டால், மனதில் என்ன மாறியது என்று தெரியும். இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. அவசரப்படாமல் அருகில் உட்கார ஒருவரும், அவருக்கு நேரமும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. திடீர்ச் சுற்றலோடு பேச்சுக் குளறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் வலுவிழத்தல், நிற்க முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மற்றபடி, உங்கள் வீட்டிலோ சபையிலோ ஒருவர் “தலை சுற்றுகிறது” என்று சொன்னால், கைவைத்தியம் சொல்லுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: “இது எதனால் வருகிறது என்று நினைக்கிறீர்கள்? இதில் எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள்?” அவர் சொல்லும் பதிலை மருத்துவரிடமும் சொல்லச் சொல்லுங்கள். சரியான சிகிச்சைக்கு அது பேருதவியாக இருக்கும்.