வெறுங்கூடும் மறுபயனும்

சுடப்பட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு வெறுங்குப்பையன்று. மீண்டும் மருந்தேற்றத்தக்க பொருளாம். வெடித்தொழிலால் பலர் வாழும் விருதுநகர், சிவகாசிப் பகுதியினராகிய நாம் அதன் இயல்பை அறிதல் நன்று.

கூடு, கேப்பு, மருந்து, குண்டு என்னும் நான்கும் சேர்ந்ததே தோட்டா. சுட்டபின் கேப்பு அடிபட்டுப் பயனற்றுப் போகின்றது, மருந்து எரிந்தொழிகின்றது, குண்டு பறந்துவிடுகின்றது, கூடு எஞ்சுகின்றது. 100 பங்கில் 70 செம்பும் 30 துத்தநாகமும் கலந்த பித்தளையால் அது செய்யப்படுகின்றது. சுடுங்கால் எழும் வாயுவின் அழுத்தத்தால் கூடு விரிந்து துப்பாக்கிக் குழலின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கிக் கசியாவண்ணம் அடைக்கின்றது. அழுத்தம் தணிந்தவுடன் சிறிது சுருங்கி, எளிதில் வெளிவருகின்றது. இத்தன்மையே அதனை மறுமுறைக்கு உரியதாக்குகின்றது.

ஆயினும் அதன் ஆயுள் எல்லைக்குட்பட்டதே. விரிந்து சுருங்குந்தோறும் பித்தளை இறுகி, ஈற்றில் கழுத்திற் கீறல் காணும். ஆகையால் தொழிலறிந்தோர் ஒவ்வொரு கூட்டையும் துடைத்துச் சோதித்த பின்னரே ஏற்பர்; கீறியது உருக்குலைக்கே செல்லும். காரணம் எளிதிற் புலப்படாத குற்றமும் உண்டு. ஆங்கிலேயர் ஆண்ட நாளில், இந்தியாவில் மழைக்காலத்திற் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த தோட்டாக்களின் கூடுகள் சுடப்படாமலே பிளந்து கிடந்தன. லாயத்து அம்மோனியாவும், உருவாக்குங்கால் உலோகத்தினுள் தங்கிய இறுக்கமுமே அதற்குக் காரணம் என மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்போர் 1921இல் விளக்கினர். இத்துணை நுட்பமுடைய தொழிலாதலின், உரிமமின்றித் தோட்டா செய்தலை நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கியுள்ளது.

தோட்டாவிற்கே இத்துணைச் சோதனை வேண்டுமாயின், நம் பட்டாசின் நிலை யாது? அதன் கூடு காகிதம், ஒருமுறைக்கே உரியது. தீபாவளிக்கு மறுநாள், வெடியாது கிடக்கும் பட்டாசு வீணாகலாகாதென்று சிறுவர் அதனைப் பொறுக்கிப் பிரித்து, மருந்தைக் கொட்டிக் கொளுத்துகின்றனர். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த அம்மருந்து உரசலாலும் பற்றும். பற்றினால் விலகி ஓட அவகாசம் தராது. இதனாற் கண்ணும் விரலும் இழந்தோர் உளர். அப்பட்டாசைத் தீண்டிப் பிரியாது, பெரியோர் நீரில் நன்கு ஊறவிட்டு அகற்றுதலே தக்கது.

மீந்த துணிக்கைகளைச் சேர்க்கும்படி ஆண்டவர் தம் சீடர்க்குப் பணித்தார். அவை பசி தீர்த்த அப்பத்தின் துணிக்கைகள். சேர்க்கத்தக்கது இது, விலக்கத்தக்கது இது எனப் பகுத்தறியாத சிக்கனம் சிக்கனமாகாது. காசு மதிப்புள்ள ஒன்றைக் காக்கப்போய், விலைமதிப்பற்ற கண்ணை இழத்தல் எங்ஙனம் இலாபமாகும்?